செவ்வாய் காலை ஐந்து நாற்பது

பகல் மூன்று மணி வெயிலில், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கணினி திருத்தும் கடைக்குள் அழுது வீங்கிய கண்களோடு லவீனா வந்தாள். கடைக்காரி தயாளினி திருத்திக்கொண்டிருந்த கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அங்கே குந்தியிருந்த ஓட்டோக்கார றமேஸுக்குத்தான் உசார் பிறந்தது. தயாளினி துப்புத் துலக்குவதைப் பார்ப்பதென்றால் அவன் சவாரியையும் விட்டுவிடுவான்.

"அக்கா, நான் பொய் சொல்லேல்லை. நாளைக்கு மென்பொருள் குழுவிலையிருந்து என்ரை பேரை எடுக்கப்போகினமாம். ஏனெண்டு உலகமே பாக்க எழுதுவினமாம்."

மீனவருக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் இலவச மென்பொருள் அது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். குருநகர்ப் பெண்ணான லவீனா அதிலே நேரக் கணக்கைத் திருத்தி, சோதனைகளெல்லாம் தேறியதைக் காட்டும் பதிவையும் அனுப்பியிருந்தாள். குழுத் தலைவன் ஜெயதீபனின் கணினியிலோ மூன்று சோதனைகள் தேறாமல் விழுந்துவிட்டன.

"நான் சோதனை ஓட்டினது செவ்வாய் பின்னேரம். பதிவிலை காலமை அஞ்சு நாப்பது எண்டு கிடக்கு. அந்த நேரம் நான் அந்தோனியார் பூசையிலை பாடினதை வீடியோவிலை ஊரே பாத்தது. பதிவை நானே எழுதி ஒட்டினனானாம். கள்ளியாம் நான்!"

"ஆரோ உம்மடை கணினிக்குள்ளை பூந்திட்டான்! உந்த ஜெயதீபனாத்தான் இருக்கும்" என்று றமேஸ் துள்ளினான்.

"பொறுங்கோ அண்ணை" என்றாள் தயாளினி.

லவீனாவின் போன் அடித்தது. அவளின் தாய் லூர்த்தம்மாவின் குரல் வெளியிலும் கேட்டது. "பிரகாஸ் எழும்பிட்டானோ பிள்ளை?"

லவீனா தன் மடிக்கணினியைத் திறந்து மூலையைப் பார்த்தாள். "இல்லையம்மா, அஞ்சரைதானே."

றமேஸ் வெளியே கொதிக்கும் வெயிலைப் பார்த்தான். ஐயோ பாவம், கவலையில் பெட்டைக்குப் பகலும் விடியலும் தெரியவில்லையே என்று அவனுக்கு மனம் பதறியது. தயாளினியோ கைவேலையைக் கீழே வைத்தாள்.

"பிரகாஸ் ஆர்?"

"தம்பி. ரொறொன்ரோவிலை இருக்கிறான். இது அவன் அனுப்பின கணினி. நாலு மாசமாய் அவனிட்டையிருந்து ஒரு கதையும் இல்லை."

"சோதனைக்கு முதல் கணினியை ஆயத்தப்படுத்த ஒரு குறிப்புத் தந்திருப்பினம். அதிலை ஏதும் படி தாண்டினனியோ?"

லவீனா தலையைக் குனிந்தாள். "நாலாம் படி. கணினி நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாத்தச் சொன்னது. நான் மாத்தாமல் விட்டது பதிவிலையும் வருமெண்டு நினைக்கேல்லை."

தயாளினி ஜெயதீபனுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, உந்தப் பதிவு கள்ளமில்லை. ரொறொன்ரோ எங்களுக்கு இப்ப ஒன்பதரை மணித்தியாலம் பின்னாலை. அங்கை காலமை அஞ்சு நாப்பது எண்டால் இங்கை பின்னேரம் மூண்டு பத்து."

"சரி அக்கா, ஆனா சோதனை விழுந்ததே?"

"உலகப் பொது நேரத்திலையிருந்து அவை முழுசாய் நாலு மணித்தியாலம் பின்னாலை. நாங்கள் அஞ்சரை முன்னாலை. பிள்ளையின்ரை கணக்கு மணியை மட்டும் எடுத்து அரையை விட்டிட்டுது. அவளின்ரை கணினியிலை விடுறதுக்கு அரையே இல்லை. அதாலை தேறிச்சுது."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "நான் அவசரப்பட்டிட்டன். லவீனாட்டை மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லுங்கோ. எல்லாரும் பாக்க எழுதியும் போடுறன்."

"பிழை என்ரைதான் அக்கா" என்றாள் லவீனா. "அரை மணித்தியாலம் பிந்தின எச்சரிக்கையோடை என்ரை அப்பாவும் கடலிலை நிண்டிருப்பார்."

"திருத்துவம். முதல் நேரத்தை மாத்து."

லவீனாவின் கை அசையவில்லை. "இதை மாத்தினா, அம்மா கேக்கேக்கை நான் எதைப் பாத்துச் சொல்லுறது?"

றமேஸுக்கு உசார் இறங்கியது. எந்தத் துப்பைத் துலக்கி என்ன, அந்தத் தம்பி எங்கே போய்த் துலைந்தான்?

"மாத்தவேண்டாம்" என்றாள் தயாளினி. "சோதனைக்கு மட்டும் எங்கடை நேரத்தைக் குடுக்கலாம்." ஒரு வரி தட்டினாள். ஜெயதீபனின் கணினியில் போலவே மூன்று சோதனைகள் சிவப்பாய் விழுந்தன. லவீனா அழுதுகொண்டே சிரித்தாள்.

போன் மறுபடி அடித்தது.

அவள் மூலையைப் பார்த்தாள். ஆறு ஐந்து. "ஓம் அம்மா, இப்ப எழும்பியிருப்பான்" என்றாள்.