புல்லுக்காரி

மேஜைமேல் இருந்த புல் குறைந்திருந்தது.

நிஜப் புல் இல்லை. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, பசை தடவிய பலகைமேல் தூவி, தங்கதுரை ஐயா தன் கையாலேயே முளைக்க வைத்த புல். நேற்று ரங்கம்மாள் மாடியைப் பெருக்கியபோது அடிவாரம் முழுக்கப் பச்சைப்பசேலென்று இருந்தது. இன்று குதிரைகள் நிற்கிற இடத்தில் மட்டும், ஒவ்வொன்றின் வாய்க்கும் நேர்கீழே, காசளவு வட்டமாகப் பலகை வெளுத்துத் தெரிந்தது.

மேஜை என்றால் சாப்பாட்டு மேஜை அல்ல. மாடிக் கூடத்தையே அடைத்துக்கொண்டு கிடக்கும் பலகை. அதன்மேல் தெர்மோகோலில் வெட்டிய தியாகதுருகம் மலை, உச்சியில் கோட்டை, கீழே இரண்டு பக்கமும் குதிரைப்படை. கட்டைவிரல் உயரத்துக்கு ஈயக் குதிரைகள்; சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம், தலைப்பாகைக்காரர்கள் மறுபக்கம். வெளிநாட்டில் இருக்கும் மகன் பெட்டி பெட்டியாக அனுப்புவான். மனைவி போனபிறகு ஐயாவுக்கு அதுதான் உலகம். கரும்பு வெட்டு நடக்கும் நாளில்கூடக் கழனிப் பக்கம் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தடித்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் காலத்தில் இந்த அடிவாரத்தில் நடந்ததாகச் சொல்லும் சண்டையைத் திரும்ப நடத்துவார். ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை; திரும்பினால் பொம்மை மலை. இரண்டுக்கும் நடுவில் துடைப்பத்தோடு நிற்கும்போது ரங்கம்மாளுக்கு முதுகு கூசும்.

"எலிதான் ரங்கம்மா. பசை வாசத்துக்கு வந்திருக்கும்" என்றார்.

"எலின்னா புழுக்கை போட்டுக்கினு போவுமேங்கய்யா."

"ஆமா, எலி ஜாதகமே உன் கையிலதான் இருக்குது." சிரித்துக்கொண்டே ஒரு குதிரையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு, இன்னா வேலப்பாடு! ஆளும் குதிரையும் ஒரே வார்ப்பு. சுத்தியால அடிச்சாலும் பிரிக்க முடியாது."

மேலே இருந்தவன் கத்தியை ஓங்கியிருந்தான். ரங்கம்மாள் அவனைப் பார்க்கவில்லை. குதிரையின் விலா எலும்புகளைப் பார்த்தாள். எண்ணிவிடலாம் போலிருந்தது. முன்னேயும் இப்படித்தான் இருந்ததா?

"இத்தினி குதிரைக்கு யாருங்கய்யா தீனி போடுவாங்க?"

"அதுக்குன்னே ஆளு உண்டு. ஒரு குதிரைக்கு ஒரு புல்லுக்காரன். பட எங்க போவுதோ அங்கெல்லாம் அருவாளும் கையுமா பின்னாலயே போவான், பொண்டாட்டி புள்ளையோட. உன்னாட்டம் கூலிக்காரங்கதான்."

"இங்க ஒருத்தரையும் காணமே?"

"நல்லா கேட்ட போ. புல்லுக்காரனுக்கு எவன் பொம்ம செய்வான்?"

அன்று வீட்டுக்குப் போகும்போது அந்தப் பேச்சு ரங்கம்மாளின் கூடவே வந்தது. எட்டு வயதில் அரிவாள் பிடித்த கை அவளுடையது. மாட்டுக்கு முன்னால் வெறுந்தொட்டி இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மறுநாள் வாய்க்கால் கரையில் ஒரு பிடி அறுகம்புல் அறுத்து மடியில் மறைத்துக்கொண்டு போனாள். ஐயா கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புல்லைப் பொடிப்பொடியாகக் கிள்ளி, இரண்டு படைக்கும் பேதம் பார்க்காமல், குதிரைகளின் வாய்க்குக் கீழே போட்டாள். பொம்மைக்குச் சோறூட்டும் சின்னப் பிள்ளையைப்போல வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் ஒரு துணுக்கு மிச்சமில்லை.

மாடியில் ஒரு வாசம் வந்திருந்தது. மழையில் நனைந்த தோல், மூத்திரம், வியர்வை. கல்யாண ஊர்வலக் குதிரையின் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசம். அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். வாசம் போகவில்லை. மடியிலிருந்த புல்லை அவசரமாகப் போட்டுவிட்டு இறங்கினாள்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று. படியேறும்போது மேலே ஏதோ கால் மாற்றி நிற்பதுபோல மெல்லிய சத்தம் கேட்கும். கடைசிப் படியில் கால் வைத்ததும் நின்றுவிடும். ஒரு திங்கட்கிழமை ஏறிப் பார்த்தாள். ஒன்றையொன்று முறைத்து நிற்கவேண்டிய இரண்டு படைகளும் சண்டையை மறந்துவிட்டு ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

படிக்கட்டுப் பக்கம். அவள் வரும் பக்கம்.

பின்னாலேயே வந்த ஐயா அதைப் பார்த்தார். அவள் மடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புல்லையும் பார்த்தார்.

"கைய வெச்சியா?"

"குதிரைய தொடவே இல்லீங்கய்யா. புல்லுதான்..."

"பைத்தியமா உனுக்கு? நாளயிலருந்து வராத."

திட்டு வாங்கிக்கொண்டு இறங்கும்போது ரங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. தொல்லை விட்டது என்றுதான் இருந்தது. அவள் புருஷன் ராசு கல்வராயன் மலைக்கு மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போயிருந்தான். வீட்டில் அவளும் மகள் தேவதர்ஷினியும்தான். எட்டாவது படிக்கிற பெண். இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல். அதற்கு எண்ணெய் தடவிப் பின்னிவிடுவது ஒன்றுதான் ரங்கம்மாளுக்கு வாய்த்த ஆடம்பரம். இனிமேல் தினமும் நிதானமாகப் பின்னலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் மழை பிடித்தது. மழை விட்ட அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில், தெருமுனையில் ஒரு வண்டி வந்து நின்றது.

தங்கதுரை ஐயா. அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே அதுதான் முதல் தடவை. தலையில் துண்டைச் சுற்றி, நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"குதிரைங்களுக்கு இன்னா பழக்கி வெச்ச?"

"ஐயா?"

"நானும் புல்லு போட்டுப் பாத்தேன் ரங்கம்மா. எங்கையால தின்னல." குரல் உடைந்தது. "நேத்து ராத்திரி எல்லாம் எறங்கிப் போயிட்டுது. மேஜைல ஒன்னுகூட இல்ல."

காற்றில் துண்டு நழுவியது. தலையில் திட்டுத் திட்டாக முடி இல்லை. சவரம் பண்ணியதுபோல அல்ல. ஆடு மேய்ந்த கொல்லைபோல. ஒரு பக்கத்துப் புருவமும் இல்லை. அவர் குனிந்து துண்டை எடுத்தபோது கணுக்காலைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்தன. கரும்புத் தோகை அறுத்ததுபோல இருந்தது. கழனிக்கே போகாதவருக்கு எங்கே தோகை அறுத்தது?

"இது இன்னாங்கய்யா கால்ல?"

அவர் வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டார். உள்ளே படித்துக்கொண்டிருந்த தேவதர்ஷினியை எட்டிப் பார்த்தார். "பாப்பாவ கூட்டிக்கினு எங்கனா போயிடு" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"யாரும்மா அது? உங்க மொதலாளியா? தலைல இன்னா, கோழி கொத்திடுச்சா?"

"வாய மூடிக்கினு படி."

காலையில் முதல் பஸ்ஸுக்குக் களமருதூர்த் தம்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று ரங்கம்மாள் முடிவு செய்துகொண்டாள். இந்த ஒரு ராத்திரிதான். ஒரு கட்டுப் புல் அறுத்து வாசலில் போட்டுவிட்டால் போதும். வந்தால் தின்றுவிட்டுப் போகட்டும். அரிவாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு எதிரே இருந்த வாய்க்கால் கரைக்குப் போனாள்.

கரை மொட்டையாகக் கிடந்தது.

காலையில் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்ற இடம். வேர் தெரியச் சமமாக மேய்ந்திருந்தது. ஈரச் சேற்றில் சின்னச் சின்னப் பள்ளங்கள், கொத்துமல்லி விதை அளவுக்கு, பிறை வடிவத்தில். ஆயிரக்கணக்கில். எல்லாம் ஒரே திசையில் போயிருந்தன. அவள் வீட்டை நோக்கி.

ஓடிவந்து கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். அரிசிச் சாக்கை இழுத்துக் கதவிடுக்கில் திணித்தாள். தேவதர்ஷினி சாப்பிட்டுவிட்டுப் பாயில் சுருண்டு தூங்கிப் போயிருந்தாள். கரண்டு போயிற்று.

இருட்டு. மூலையில் சாமி படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு மட்டும்.

முதலில் அதை மழை என்று நினைத்தாள். கரும்புத் தோகை வேய்ந்த கூரைமேல் தூறல் விழுந்தால் இப்படித்தான் கேட்கும். ஆனால் தூறல் பரவலாக விழும். இது வரிசையாக வந்தது. கூரையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. நறுக். நறுக். நறுக். தோகைத் துணுக்குகள் அவள் தோள்மேல் உதிர்ந்தன. அந்த வாசம் வந்தது. நனைந்த தோல். மூத்திரம்.

கூரையில் ஓர் ஓட்டை. அதில் ஒரு நட்சத்திரம். இன்னொரு ஓட்டை.

பிறகு சத்தம் சுவரில் இறங்கியது.

"நாளைக்கு அறுத்துப் போடறேன் சாமி" என்று கிசுகிசுத்தாள். "இன்னிக்கு இல்ல. நெசமாவே இல்ல."

விளக்குமாற்றைப் பிரித்து வீசினாள். அடுப்பு மூட்ட வைத்திருந்த சருகைக் கொட்டினாள். அது போதவில்லை. மகள் படுத்திருந்த கோரைப்பாயின் ஓரம் கரகரவென்று அரைபடுவது கேட்டது. விளக்கு வெளிச்சத்தில் தேவதர்ஷினியின் பின்னல் பாயைவிட்டு வெளியே மண்தரையில் கிடந்தது. அதன் நுனி அசைந்தது.

ஒரு சின்ன இழுப்பு. இன்னொன்று.

ரங்கம்மாள் பின்னலைத் தூக்கி மகளின் சட்டைக்குள் செருகினாள். மகளுக்குக் குறுக்கே, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தன் கொண்டையை அவிழ்த்தாள். குனிந்து, கூந்தல் முழுவதையும் முன்னால் தரையில் பரப்பினாள்.

"இந்தா. இத தின்னுங்க. புள்ளய வுட்ருங்க."

விளக்கு அணைந்தது.

முதலில் மூச்சு வந்தது. சுடச்சுட, உச்சந்தலையில், நெற்றியில், காதோரத்தில். நாய்க்குட்டி மூச்சைவிடச் சின்னதாக. பிறகு இழுப்பு. ஒரு இடத்தில். பத்து இடத்தில். தலை முழுக்க. வலித்தது, ஆனால் பொறுக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அவை அவசரப்படவில்லை. பழகிய கையிடம் தின்னும் மாடு மாதிரி நிதானமாகத் தின்றன. அவள் அசையாமல் இருந்தாள். என்னோடு போகட்டும். முடிதானே. முளைக்கும்.

கரண்டு வந்தது.

குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், குதிரைகள். சிவப்புப் படையும் தலைப்பாகைப் படையும் கலந்து, தலைகளைத் தாழ்த்தி, அவள் கூந்தலில் முகம் புதைத்து. தாடைகள் அரைத்தன. விலாக்கள் ஏறி இறங்கின. தின்பது குதிரைகள்தான், குதிரைகள் மட்டும்தான்.

சேணங்கள் காலியாக இருந்தன.

எல்லாச் சேணங்களும்.

முதுகுக்குப் பின்னால் தேவதர்ஷினி தூக்கக் கலக்கத்தில் முனகினாள். "எம்மா... கால்ல இன்னாவோ கீறுது."

ரங்கம்மாள் பின்னால் திரும்ப முயன்றாள். தலை வரவில்லை. நூறு வாய்கள் அவளை இறுகப் பிடித்திருந்தன.