பேச்சு மாசு

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றுவான், வாய்ப்பூட்டை மாட்டிக்கொள்வான். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் பெற்றவர்கள் பேசினால் பேச்சு மாசு. அவர்களுடைய கொச்சை காதில் விழுந்தால் பிள்ளையின் நாக்கு கெட்டுப்போகுமாம். கடையில் வாங்கி மாட்டிய, பாடம் சொல்லும் மொழிப்பெட்டி மட்டும்தான் பிள்ளையிடம் பேச வேண்டும்.

பனிச்சுரங்கத்தில் பாறை உடைக்கும் சுடலைமுத்து லேசில் எவனையும் நம்பமாட்டான். காற்றுமானியையே இரண்டு தட்டுத் தட்டித்தான் பார்ப்பான். அப்பேர்ப்பட்டவன் மொழிப்பெட்டியை நம்பினான். மகள் வடிவு பிறந்து ஐந்து வருஷம், அவனும் மனைவி இசக்கியம்மாவும் அவள் முன்னால் வாய் திறக்கவில்லை. மேல்தளப் பள்ளியில் இடம் கிடைத்தால் அவளுக்குச் சுரங்கம் கிடையாது. கிடைக்காவிட்டால் அவளும் பாறைதான் உடைக்க வேண்டும்.

பள்ளித் தேர்வு நாளன்று அவர்களுக்கு முன்னால் ஒரு மேல்தளத்துப் பையன் அம்மாவோடு நின்றான்.

"எம்மா, அந்த எந்திரத்துக்கு மூக்கு எங்க?"

"உன்னைய மாதிரி நோண்டி நோண்டி விழுந்துருச்சுடா, கொரங்கே!"

இதெல்லாம் எங்கே தேறப்போகிறது என்று சுடலைமுத்து பூட்டுக்குள் சிரித்துக்கொண்டான்.

வடிவு எழுத்துகளைப் பிசகாமல் சொன்னாள். வாசகங்களை மணிமணியாக வாசித்தாள்.

"நன்று," என்றது தேர்வு எந்திரம். "உன் அப்பாவுக்கு எதற்குக் கோபம் வரும்?"

வடிவு விழித்தாள். "தாங்கள் கேட்பது பாடத்தில் இல்லை."

"நேற்று வீட்டில் என்ன நடந்தது?"

"தாங்கள் கேட்பது பாடத்தில் இல்லை."

எந்திரம் சுடலைமுத்துவிடம் திரும்பியது. "பிள்ளை ஒப்பிக்கிறாள், பேசவில்லை. வீட்டுப் பேச்சு கேட்டு வளராத பிள்ளைக்கு இங்கே இடமில்லை. அடுத்த ஆண்டு ஒரே ஒருமுறை வரலாம்."

மேல்தளத்துப் பையனுக்கு இடம் கிடைத்திருந்தது.

சுடலைமுத்து பூட்டைப் பிய்த்தெறிந்தான். "நீங்கதானய்யா மாசு மாசுன்னீக!"

"நாங்கள் சொல்லவில்லை. மொழிப்பெட்டி விற்பவர்கள் சொன்னார்கள்."

அப்பாவின் அந்தக் கரகரப்பான குரலை வடிவு அதுவரை கேட்டதில்லை. மிரண்டுபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

கீழே இறங்கும்போது இசக்கியம்மா தன் பூட்டை விலக்கி அவன் காதோடு கேட்டாள். "ஏங்க, இனிமே நாமளே பேசுவமா?"

"சும்மா கெட. நாம பேசி, அதுலயும் ஒரு கொறை வந்துட்டா? இருக்கது ஒரே ஒரு தடவ. அதுல வெளையாடக் கூடாது."

கடைத்தெருவில் புதுப் பெட்டி வந்திருந்தது. வீட்டுப் பேச்சுப் பெட்டி. கீழ்த்தளத்து அப்பன்மார் குரலில் பேசுமாம். அன்றைக்கே வாங்கி மாட்டினார்கள்.

"ஏ மூதி, சோறு தின்னியா இல்லியா?" என்று அதட்டியது பெட்டி.

வடிவு கலகலவென்று சிரித்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு, "தின்னுட்டேம்ப்பா" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து மூச்சைக்கூட மெதுவாக விட்டான். நடுவில் புகுந்து கெடுத்துவிடக் கூடாதே.