கத்திப் பேசும் மலை

வெண்கலத்துக்கு உண்மையான பெயர் வேறு. ஆனால் அவளுடைய குரலைக் கேட்ட யாருக்கும் அந்தப் பெயர் நினைவில் நிற்காது. அவள் வாயைத் திறந்தால் எதிர்ச் சரிவில் மேயும் ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அந்த மலையில் எல்லோருக்குமே கொஞ்சம் பெரிய குரல்தான். வேறு வழியில்லை. வீடுகள் சரிவில் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பள்ளம். கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. நடந்து போய்ச் செய்தி சொன்னால், போய்ச் சேர்வதற்குள் செய்தி பழசாகிவிடும்.

அதனால் வாசலில் நின்று கத்துவார்கள். நீட்டி முழக்கினால் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். எனவே ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். கேட்டவர் அதை அடுத்த வீட்டுக்குக் கத்த வேண்டும். ஏன், எதற்கு என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். உச்சி வீட்டில் கிளம்பிய "மழை!" இப்படியே கீழே ஜீப் நிற்கும் இடம்வரை போய்விடும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் புது நர்ஸ் வந்து சேர்ந்தார். சமவெளியில் வளர்ந்தவர். மெல்லப் பேசுவார், மெல்லச் சிரிப்பார். ஊசி போடும்போது நமக்கு முன்னால் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் வந்ததில் வெண்கலத்தின் வீட்டுக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்கு நிறைமாதம். மழை பிடித்துவிட்டால் மண் சரிந்து பாதை அடைபட்டுவிடும். அதன்பிறகு கீழே உள்ள ஆஸ்பத்திரிக்கு யாரும் போக முடியாது.

ஒருநாள் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வெண்கலம் போனபோது, நர்ஸ் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எங்கக்கா கிளம்பறீங்க?"

"நாளைக்கு ஜீப் வருதுல்ல, அதுல போயிடறேன்."

"ஏன்?"

"இங்க யாருக்கும் என்னைப் பிடிக்கல. எப்பப் பார்த்தாலும் திட்டறாங்க. நேத்து உங்கப்பா என்னைப் பார்த்து 'உள்ள போ!'ன்னு கத்தினார். நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லு?"

வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று ஆலங்கட்டி மழை வந்தது. அதற்காக அல்லவா அப்பா கத்தினார்!

"ஐயோ, இல்லக்கா!" என்று தொடங்கினாள். அலமாரியில் இருந்த கண்ணாடிக் குப்பிகள் அதிர்ந்தன.

நர்ஸ் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். "பார், நீயும் கத்தற!"

வெண்கலம் வாயை மூடிக்கொண்டாள். பிறகு வீடு வீடாக ஓடினாள்.

"நர்ஸக்கா பக்கத்துல யாரும் கத்தக் கூடாது. பயப்படறாங்க."

தச்சு வேலை செய்துகொண்டிருந்த அப்பா உளியைக் கீழே வைத்தார். "கத்தாம எப்படிம்மா பேசறது?"

"தூங்கற குழந்தை பக்கத்துல பேசற மாதிரி பேசுங்க."

நல்ல மனசுக்காரர்கள். சொன்ன சொல்லைத் தட்டவில்லை. அன்று சாயங்காலம் மலையில் ஒரு சத்தமும் இல்லை. விரலை வெட்டிக்கொண்ட ஆட்டுக்கார மாமா மருந்து போட்டுக்கொள்ளப் போனார். எவ்வளவு மெதுவாகப் பேசுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"என்ன சொல்றீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

மாமா இன்னும் மெதுவாகச் சொன்னார். கட்டுப் போட்டு முடித்ததும் திருடனைப் போல நழுவிவிட்டார்.

மறுநாள் காலையில் வெண்கலம் ஆசையோடு ஓடிவந்தாள். நர்ஸ் வாசலில் நின்று பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"முதல்ல திட்டினாங்க. இப்ப என்கூடப் பேசறதையே நிறுத்திட்டாங்க."

வெண்கலத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கீழே ஜீப்பின் ஹாரன் கேட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். 'போறவங்களை எப்படிடி பிடிச்சு வைக்கிறது?' என்று காலையில் தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் மழை மேகம் வருகிறதா என்று அவள் அடிக்கடி வானத்தைப் பார்த்ததை வெண்கலம் கவனித்திருந்தாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்க. எங்க வீட்டு வாசல்ல இருந்து உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டுப் போங்க."

பதிலுக்குக் காத்திராமல் பள்ளத்தில் இறங்கி, ஏறி, வீட்டு வாசலுக்கு ஓடினாள். மூச்சு வாங்கியது. நர்ஸைப் பார்த்து, தனக்குத் தெரிந்த மிக மெல்லிய குரலில் பேசினாள். நிறையப் பேசினாள். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அம்மாவின் கண்கள் கலங்கின.

நர்ஸுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. குட்டியாக ஒரு வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார்.

வெண்கலம் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"போகாதே!"

கூரையில் பலகை மாற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் காதில் விழுந்தால் கத்தித்தானே ஆக வேண்டும்? "போகாதே!" என்றார். மேலே ஆட்டுக்கார மாமா "போகாதே!" என்றார். கீழ்வீடு, அதற்கும் கீழ்வீடு, ஒவ்வொன்றாக "போகாதே! போகாதே!" மலை முழுக்க அந்த ஒரே சொல்.

கீழே ஜீப் டிரைவர் திடுக்கிட்டு இன்ஜினை அணைத்தார். "சரி, போகல. அதுக்கு ஏன் இப்படி?" என்றார்.

வெண்கலம் திரும்பி வந்தபோது நர்ஸ் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"முதல்ல மெதுவா என்ன சொன்ன?"

அவர் காதருகே போய் அவள் மறுபடி சொன்னாள். "உங்களை எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும். உங்க தலையில ஆலங்கட்டி விழக் கூடாதுன்னுதான் அப்பா உள்ள போகச் சொன்னார். நேத்து நான்தான் யாரையும் கத்த வேண்டாம்னு சொன்னேன். எங்கம்மா பயப்படறாங்க. வெளியில காட்டமாட்டாங்க. நீங்க இருந்தா பயப்படமாட்டாங்க."

நர்ஸ் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஆட்டுக்கார மாமா 'எடு! எடு!'ன்னு கத்தினாரே?"

"மழை வந்துச்சு. நீங்க துணி காயப் போட்டிருந்தீங்க."

நர்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

மழை வந்தது. மண் சரிந்து பாதை அடைபட்டது. ஒரு காலையில், எதிர்வீடுகூடத் தெரியாத பனிமூட்டத்தில், வெண்கலத்தின் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பனிக்குள் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

வெண்கலம் வாயைத் திறந்தாள். அதற்குள் நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. நான் சொல்றேன்."

வாசலுக்கு வந்து, "பொண்ணு!" என்றார். பக்கத்தில் நின்ற கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா!" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

நர்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பொண்ணு!"

உள்ளே தங்கச்சி அதைவிடப் பெரிதாக வீறிட்டாள். கீழ்வீடு அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று கடைசிவரை போனது. பிறகு, அடியிலிருந்து ஒரு கேள்வி வீடு வீடாக ஏறி வந்தது.

"யாரு கத்தினது?"

வெண்கலம் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நம்ம நர்ஸ்!"

பனிமூட்டத்துக்குள் ஒவ்வொரு வீடாக அது இறங்கிப் போனது. "நம்ம நர்ஸ்! நம்ம நர்ஸ்!"