காலியான குடியிடம்

காலையின் முதல் ரோப்கார் வந்து நின்றதும் சொர்ணா மேடைக்குப் போனாள். தவிட்டுமலைக்கு அன்று ஏறி வந்தவர்கள் பன்னிரண்டு பேர். சிலர் இறங்கியதுமே மூச்சை இழுத்துவிட்டுக் காற்றைப் புகழ்ந்தார்கள். சிலர் கைப்பேசிக்காகப் பையைத் துழாவி, அதை அடிவாரத்திலேயே வாங்கி வைத்துவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்து சிரித்தார்கள். சொர்ணா ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் வளையத்தைப் பூட்டினாள்.

“பாதைய விட்டு வெளிய கால் வச்சா இது கூவும். பயப்படாதீங்க, பாதைக்கே திரும்பி வந்துருங்க. மூணு நாள் முடிஞ்சதும் நானே கழட்டி விடுறேன்.”

கடைசியாக அப்பாவின் கையைப் பிடித்தபடி ஆறு வயதுச் சிறுமி நின்றாள். அவளுக்கு மட்டும் சொர்ணா மண்டியிட்டு உட்கார்ந்து வளையத்தைப் போட்டாள்.

“அம்மா, இறுக்குது.”

“கை பெருசாயிருச்சுடி உனக்கு” என்று ஒரு கண்ணி தளர்த்தினாள்.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க பொண்ணா? அப்புறம் எதுக்குங்க இவளுக்கும் மஞ்ச வளையம்? நீங்க பச்சைல்ல போட்டிருக்கீங்க?”

“இவ கீழ பொறந்தவங்க. வருகையாளர்தான்” என்றாள் சொர்ணா. பலமுறை சொல்லிப் பழகிய பதில் அது.

சொர்ணா சிறுமியாக இருந்தபோது, கோடை வந்தால் அடிவாரத்திலிருந்து உச்சிவரை கார்கள் அசையாமல் நிற்கும். ஓடையில் தண்ணீரைவிட பாட்டில்கள் அதிகம் தெரியும். புல்வெளியெல்லாம் மிதிபட்டு மொட்டையாகி, ஒரு மழைக்காலத்தில் மலையின் தெற்குச் சரிவு இரண்டு ஊர்களோடு இறங்கிப் போனது. அதன் பிறகுதான் அரசு மலைக்குத் தாங்கெண் வகுத்தது. இத்தனை பேரின் காலடியை இந்த மலை தாங்கும், அதற்குமேல் ஒருவர் கூடாது. அந்த எண்ணில் ஒரு பங்கு குடியிடம், மீதி வருகையிடம். குடியிருப்பவர் ஒருவர் இறந்தால் அல்லது இறங்கிப் போனால்தான் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்கு இடம். கேட்க ஆளில்லாத குடியிடம் வருகையிடமாக மாறிவிடும். மாறியது திரும்பாது.

சொர்ணா கட்டிக்கொண்டது வத்தலக்குண்டில் மின்வண்டிப் பட்டறை வைத்திருந்த பாண்டீஸ்வரனை. கல்யாணத்தால் குடியிடம் கிடைக்காது, குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பட்டியல். ஆதிரை வயிற்றில் இருந்தபோது மலையில் ஒரு இடமும் காலியில்லை. கீழே போய்ப் பெற்றாள். மாதத்தில் பத்து நாள் வரை இறங்கி இருக்கலாம், மீறினால் இடம் போய்விடும். எனவே பத்து நாள் தாயாகவும் மற்ற நாட்களில் வழிகாட்டியாகவும் இருந்தாள். குடியிருப்பவரின் உறவு என்பதால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வருகை முறை உண்டு. “பாப்பா பேரு பட்டியல்ல மொதல்ல இருக்கு. ஒரு இடம் விழட்டும்” என்று சொல்லிச் சொல்லியே காலம் போனது.

அந்த இடம் போன வாரம் விழுந்தது. கீழ்த்தெரு சின்னமாயன் தூக்கத்திலேயே போய்விட்டார். அவரை எடுத்த அன்று சொர்ணா அழுதாள். அழும்போதே மனசு ஒரு மூலையில் கணக்குப் போட்டதை அவளால் தடுக்க முடியவில்லை.

அன்று பிற்பகல் தாங்கெண் அலுவலர் நசீர் சிறிய பச்சை வளையத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார். பாண்டீஸ்வரனும் ஆதிரையும் கூடத்தில் இருந்தார்கள்.

“பாப்பாவ ஒரு வார்த்தை கேக்கணும் தங்கச்சி. அஞ்சு வயசு தாண்டிட்டா பிள்ளையோட சம்மதமும் வேணும்னு சட்டம்.”

“அவ சொல்லுவா அண்ணே. ஆதிரை, இதப் போட்டுக்கிட்டா நீ அம்மாகூடவே இருக்கலாம். பாதைய விட்டு எங்க வேணாலும் ஓடலாம், கூவாது.”

ஆதிரை பச்சை வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அப்பாவுக்கு?”

“அப்பாவுக்கு இல்லடா. வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு.”

“இப்ப நான் வர்ற மாதிரியா?”

சொர்ணா அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

“அப்ப நம்ம வீட்டுல எப்பவும் யாராச்சும் ஒருத்தர் டூரிஸ்டா?” என்று கேட்டுவிட்டு, குழந்தை வளையத்தை நசீரின் கையிலேயே வைத்தாள். “எனக்கு வேணாம்மா. என் ஸ்கூலு, பக்கத்து வீட்டு ரூபா அக்கா எல்லாம் கீழதானே இருக்காங்க. இங்க மூணு நாள் போதும்.”

நசீர் தரையைப் பார்த்தார். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கு” என்று எழுந்து போனார்.

குழந்தை வாசலுக்கு ஓடியதும் சொர்ணா கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?”

“இல்ல.”

“ஆறு வருஷமா இதுக்குத்தானே நான் இங்க கெடக்குறேன்?”

“தெரியும் சொர்ணா. சொல்லிக் குடுக்குறதா இருந்தா இங்கயே இருன்னுதான் சொல்லியிருப்பேன். அவ இல்லாத வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு பஸ்ஸுல வர்றப்போ பூரா யோசிச்சுக்கிட்டுதான் வந்தேன்.” சொர்ணாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் வைக்க இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை குழுவை மேட்டுப் புல்வெளிக்கு அழைத்துப் போனாள். ஓடையில் ஒரு கடமான் குட்டியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஆட்களைப் பார்த்து நிமிர்ந்தது, மீண்டும் குனிந்துகொண்டது. பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுக்காக ஏழு வருஷம் காத்திருந்தேன்மா. இந்தச் சட்டம் மட்டும் இல்லேன்னா...” என்று கிசுகிசுத்தார்.

“ஆமாங்க” என்றாள் சொர்ணா. மனசாரத்தான் சொன்னாள். இதே ஓடையில் அவள் பாட்டில் பொறுக்கியவள். சட்டம் பொய்த்துப் போயிருந்தால் அதைத் திட்டியாவது ஆறியிருக்கலாம். அது சொன்னபடி செய்திருந்தது. குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றதை அவள் அதிக நேரம் பார்க்கவில்லை.

சாயங்காலம் அலுவலகத்துக்குப் போனாள்.

“சின்னமாயன் இடத்தப் பட்டியல்ல அடுத்து இருக்குற பரிமளா பிள்ளைக்கு எழுதிருங்கண்ணே. அடுத்த மாசம் பொறந்துரும்.”

“சரி.”

“என்னோடதையும் எடுத்துக்கங்க.”

நசீர் கண்ணாடியைக் கழற்றினார். “பட்டியல்ல பரிமளா பிள்ளைக்கு அப்புறம் ஆளே இல்ல, தங்கச்சி. எளவட்டமெல்லாம் பாப்பா பொறக்குறதுக்கு முன்னாலயே எறங்கியாச்சு. ஒன் எடம் வருகையிடமாப் போயிரும். பின்னால அழுதாலும் வராது.”

“தெரியும்ணே. வர்றவங்களுக்கெல்லாம் இத வெளக்கிச் சொல்றதுதானே என் வேலை.”

நசீர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து வளையத்தைத் திறந்தார். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. பிள்ளைப் பருவத்திலிருந்து அந்த இடம் வெயிலே பார்த்ததில்லை. நசீர் அங்கே ஒரு மஞ்சள் வளையத்தைப் பூட்டினார். “நாளைக்குக் கடைசி வண்டி வரைக்கும்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்குப் போகும் குறுக்குச் சரிவில் அவள் கால் தன்னால் திரும்பியது. வளையம் கூவியது. சொர்ணா குனிந்து மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பாதைக்கு ஏறிச் சுற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் இறங்கும் ரோப்காரில் ஆதிரை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாண்டீஸ்வரன் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தான். பாதி வழியில் எதிர்க் கம்பியில் ஒரு வண்டி ஏறிச் சென்றது. அதிலிருந்தவர்கள் கையசைத்தார்கள். வழக்கத்தால் சொர்ணாவும் கையை உயர்த்தினாள்.

“அம்மா, நாம மறுபடி எப்ப வருவோம்?”

“இனிமே மேல நமக்குன்னு ஆளில்லையே. எல்லாரையும் போலப் பேரு குடுத்துட்டு இருக்கணும். ஆறேழு வருஷம் ஆகும்.”

“நாம மூணு பேருமே டூரிஸ்டா?”

“மூணு பேரும்தான்.”

ஆதிரை ஒரு நிமிடம் யோசித்தாள். அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துக் காலை அப்பாவின் மூட்டைமேல் நீட்டிக்கொண்டாள். சொர்ணா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மலை இருந்த பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.