வெள்ளைச் சட்டையில் மண்

"ஊசி கூடப் போடல்ல ஐயா. பல் டொக்டர்ட கதிரையிலிருந்து எழும்பி, பச்சைத் துணி கழுத்தில தொங்க வீட்டுக்கு வந்துட்டாரு. ஏன்டு கேட்டா ஒன்டும் சொல்றாரில்ல," என்றார் மடவளையிலிருந்து வந்த பாயிஸா.

ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் சுவக்கின் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். பாயிஸாவின் கணவர் ஹுஸைனுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. கழற்றி மாட்டும் பல் பேசும்போது நழுவியது. அடுத்த வருடம் மகள் இல்மாவின் நிக்காஹ். ஒப்புக்கொடுக்கும் வார்த்தைகளைச் சபையில் அவர்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே தாடை எலும்பில் திருகாணி வைத்து, அதன்மேல் பல் பொருத்தச் சம்மதித்திருந்தார். இப்போது, தன் தம்பியை வைத்துச் சொல்லிக்கொள்ளுங்கள் என்கிறாராம்.

"பயம் சேர். கேஸ் முடிஞ்சிச்சு," என்றான் ஆட்டோ ஓட்டும் ரிஸ்மி. சுவக்கினிடம் வரும் எந்த வழக்கையும் முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுவது அவன் பழக்கம்.

"விரல்ல தையல் போடக்குள்ளயும் கத கதச்சிட்டு இருந்த மனிசன்," என்றார் பாயிஸா. "வந்து செஞ்ச வேலையப் பாருங்க. வெள்ளைச் சட்டைய மண்ணு கரைச்சுக் கழுவினாரு. வீட்டில சவுக்காரம் இல்லாமயா?"

சுவக்கின் நிமிர்ந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் அந்தப் பல் கிளினிக். டொக்டர் நிலூகா சிங்களவர். நோயாளிகளுக்காகத் தமிழ் பழகுகிறவர். கேள்விக்கு மட்டும் சிங்களத்து 'த' வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ஹுஸைன் நானாவுக்குக் கோவம் த? நான் பிழை த?" என்றார் வருத்தமாக.

"எழும்புறதுக்கு முன்ன என்ன பேசினீங்க?"

தாதி அனற் சொன்னாள்: "அவருக்கு எலும்பு மெலிஞ்சிருக்கு. அந்த இடத்துல எலும்புத் தூள் வைக்கணும். சேலைன்ல ஊற வச்சிருந்தேன். 'அட்ட குடு ஊற த?'ன்னு டொக்டர் கேட்டாங்க. அட்ட குடுன்னா எலும்புத் தூள். 'ஊற' நான் சொல்லிக் குடுத்த தமிழ். நான் 'ஓவ்', ஆமான்னு சொல்லிட்டுத் திரும்பினா, நானா எழும்பிட்டார். கை பட்டுக் கிண்ணம் கவுந்து, தூள் எல்லாம் அவர் சட்டையில."

வெளியே வந்ததும் சுவக்கின் கேட்டார்: "ரிஸ்மி, உங்க ஆக்கள் எப்ப மண்ணு கரைச்சுத் துணி கழுவுவாங்க?"

"நாய் வாய் வச்சா. இல்லாட்டி பண்டி..."

"பன்றிக்குச் சிங்களத்துல?"

"ஊரா." ரிஸ்மி ஆட்டோவின் சாவியைத் திருகாமல் நின்றான். "ஊற த... அல்லாஹ்."

"கண்டிச் சந்தையில நாள் முழுக்கச் சிங்களத்துல யாவாரம் பண்றவர். சிங்களப் பேச்சுக்கு நடுவுல வந்த தமிழ்ச் சொல்லு அவர் காதுல சிங்களமாத்தான் விழுந்திருக்கு. அவர் கணக்குல, 'எலும்புத் தூள் பன்றியோடதா?'ன்னு டொக்டர் கேக்குறாங்க, ஆமான்னு அனற் சொல்லுது. உள்ள போ, டொக்டரையும் கூப்பிடு."

மடவளையில் தன் வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட ஹுஸைன் கையால் வாயை மறைத்தபடி தலைகுனிந்தார்.

"ஏன் நானா, வீட்டுக்காவது சொல்லியிருக்கலாமே?" என்றார் சுவக்கின்.

"சொன்னா மஹ்ரிபுத் தொழுகைக்கு முந்தி ஊர் முழுக்கப் போயிரும். அந்த டொக்டர் புள்ள என்னோட அன்பாக் கதச்சது. நம்ம பக்கம் ஒரு சொல்லு எப்படிச் சிங்கள-முஸ்லிம் சண்டையாப் பத்திக்கும்டு உங்களுக்குத் தெரியாதா? என்ட பல்லு போனாப் போகட்டும்டு இருந்தேன்."

டொக்டர் நிலூகா தூளின் பெட்டியை அவர் முன் வைத்து, சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். இது ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்தது. மாட்டு எலும்பிலிருந்தும் பன்றி எலும்பிலிருந்தும் எடுத்த தூள்களும் உண்டு. எதை வைக்கிறேன் என்று நீங்கள் கேட்கும் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். திருகாணியை எலும்பு பிடித்துக்கொள்ளச் சில மாதம் ஆகும். பல் அதற்குப் பிறகுதான். நிக்காஹ்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அடுத்த கிழமை ஹுஸைன் அதே கதிரையில் சாய்ந்திருந்தார்.

"அட்ட குடு..." என்று தொடங்கிய டொக்டர் சட்டென்று நின்றார்.

"'நனைஞ்சிச்சா'ன்டு கேளுங்க டொக்டர்."

"நனைஞ்சிச்சா த?"

"த வேணாம்," என்று சொல்லிவிட்டு ஹுஸைன் வாயைத் திறந்தார்.