சொரிமுத்துவுக்கு ஊற்றிய பாகு

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. தொண்ணூற்று நாலு, ஐப்பசி, தச்சநல்லூர்.

தீனி தின்னாமலிருக்க முகத்தில் சாக்கு வாய்க்கூடை கட்டிய குதிரை, சொரிமுத்து, எதையோ மென்றுகொண்டிருந்தது. குதிரைக்காரன் கொம்பையாவுக்குச் சத்தம் நன்றாகக் கேட்டது.

மெல்லக் கூடாது. இராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் டாக்டர் கோபாலசுப்பிரமணியன் அளந்து கொண்டுவந்த சர்க்கரைப் பாகை மூங்கில் குழாயால் சொரிமுத்துவின் வாயில் ஊற்றியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் ஒரு புல் உள்ளே போனாலும் சோதனை கெட்டுவிடும்.

"இன்சுலின் கோளாறுன்னா தீனியை மாத்திப் பிழைக்க வச்சிரலாம் கொம்பையா. அது இல்லாமலே குளம்பு இப்படிக் கொதிச்சுதுன்னா..." டாக்டர் பெட்டியைத் திறந்தார். ரத்தம் எடுக்க ஒரு வெறும் ஊசி. பக்கத்தில், ஒரேயடியாகத் தூங்கவைக்கும் மருந்து நிரப்பிய இன்னொன்று. "எத்தனை நாளைக்குத் துடிக்க விடுவ?"

"மூடி வையுங்கய்யா. அவன் பார்க்கான்."

"பார்த்தா என்ன, லேபிளைப் படிக்கவா போகுது? காபி குடிச்சிட்டு வந்துருதேன்."

கூரைத் தகரத்து ஆணி ஓட்டைகள் வழியே வெயில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்த அந்த லாயத்தில், மூத்திர நெடிக்கும் ஈர வைக்கோல் வாடைக்கும் மேலே பாகின் வாசம் கெட்டியாக நின்றது. பதினொரு வருஷமாகக் கொம்பையாவின் வீட்டில் அவனோடு இருந்த ஒரே உயிர் சொரிமுத்து. அதற்கில்லாத தீனி தனக்கெதற்கு என்று அவனும் இராத்திரி பட்டினி கிடந்தான். 'இவன் நோவை எனக்குத் தந்துரும்' என்று சாமி சங்கிலிபூதத்தாரிடம் வேண்டிக் கேட்டிருந்தான். காலையில் பசி பொறுக்காமல் குழாயில் ஒட்டியிருந்த பாகை நக்கினான். அவ்வளவுதான்.

பைய நகர்ந்து, வாய்க்கூடைமேல் கையை வைத்தான். குதிரையின் தாடை அசையவில்லை. மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தன் கன்னத்தைத் தொட்டான். அது அசைந்தது. பக்கவாட்டில்.

உள்ளங்காலில் சூடு ஏறியது. அடுப்புத் தணலை மிதித்த மாதிரி. விழுந்தான். எழ முடியவில்லை.

ஒன்பது நாளாகப் படுத்தே கிடந்த சொரிமுத்து எழுந்தது. நொண்டாமல் நடந்தது. கதவோரம் போய் நின்று அவனைப் பார்த்தது.

மூக்கில் சாக்கு உரசியது. வாய்க்கூடை இப்போது அவன் முகத்தில்.

கதவு திறந்தது.

"இன்னும் எந்திரிக்கலையா இது?" டாக்டர் கதவோரம் பார்த்துக் கேட்டார். குனிந்தார். கொம்பையாவின் பாதத்தைத் தொட்டார். "அடேயப்பா. முன்னைக்கும் மேல கொதிக்குதே."

'ஐயா, நான்தான்யா' என்று கத்தினான். வந்தது கனைப்பு.

"மெட்ராஸ்லருந்து முடிவு வரப் பத்து நாளாகும். அதுவரை தாங்காது. என்ன சொல்லுத?"

கதவோரத்திலிருந்து கொம்பையாவின் சொந்தக் குரல், அதே கரகரப்போடு, பதில் சொன்னது.

"துடிக்க விடாதீங்கய்யா. போட்டுருங்க."

வெறும் ஊசி பெட்டிக்குள் போனது. மற்றது வெளியே வந்தது. கழுத்தில் ஈரப் பஞ்சு. சில்லென்றிருந்தது. கட்டைவிரல் நரம்பைத் தேடியது.

கிடைத்துவிட்டது.

அந்த லாயத்துக்கு ஜன்னல் கிடையாது. அன்றைக்கு உள்ளே டாக்டர், கொம்பையா, குதிரை, இந்த மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.