பச்சைக் கதவு விருந்தாளி

பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டபோது, அவள் மூச்சு இழுப்பதற்குச் சற்று முன்னால் வேறு யாரோ மூச்சு இழுத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் அந்த இடத்தை மறுபடியும் ஓட்டினார். "ரெண்டு மூச்சு கேக்குதேம்மா. சளி கிளி பிடிச்சிருக்கா?"

"இல்லண்ணே. நாற்காலி சத்தமா இருக்கும்."

"நாற்காலி மூச்சு விட ஆரம்பிச்சா நான் வேற வேலைக்குப் போயிடுவேன்" என்று சிரித்தபடியே அதை வெட்டி எறிந்தார்.

அவளும் சிரித்தாள். ஆனாலும், வெளிச்சத்தம் நுழையாதபடி நான்கு சுவரிலும் பஞ்சு அடைத்திருந்த அந்தச் சின்ன அறையில், தன் எச்சில் விழுங்கும் ஒலியும் மணிக்கட்டில் வளையல் நகரும் ஒலியும் காதுக்குள்ளேயே நடப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். இந்தப் புத்தகத்தை மட்டும் முந்திக்கொண்டு கேட்டு வாங்கியிருந்தாள். சின்ன வயதில் அவளுக்கு அது உயிர். தனியாக இருக்கும் ஒரு சிறுமியைப் பார்க்க, பச்சைக் கதவைத் திறந்துகொண்டு ஓர் உயரமான விருந்தாளி வருவார். நிலவு முளைக்கும் குளம், பேசும் படிக்கட்டு என்று தான் கண்ட அதிசயங்களையெல்லாம் சொல்வார். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வாசலில் நின்று, "போயிட்டு வரட்டுமா?" என்று கேட்பார். அந்த இடம் வந்ததும், அவளுக்கு வாசித்துக் காட்டிய அப்பா, "போ! வராதே!" என்று அதட்டிவிட்டுப் புத்தகத்தை அடித்து மூடுவார். ஈ காக்கையைக்கூட அதட்டாத மனிதர். கதையே அப்படித்தான் என்று நினைத்து, விருந்தாளிக்காக அவள் அழுதிருக்கிறாள். கடைசி அத்தியாயத்தை அவர் வாசித்ததே இல்லை. பக்கம் கிழிந்துவிட்டது என்பார்.

இப்போது அச்சில் பார்த்தால், அந்தச் சிறுமி ஒவ்வொரு முறையும் "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்கிறாள். செத்துப்போன அப்பாவின்மேல் அவளுக்குக் கோபமே வந்தது. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது அந்த வரியைத் தன் மகளுக்கே கொடுத்தாள். பள்ளி விட்டு வந்தால் அம்மா திரும்பும்வரை தனியாக இருக்கும் பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு, அத்தனை மரியாதையாகச் சொல்வாள்.

"விருந்தாளி பேசுறப்ப மட்டும் எழுந்து நின்னீங்களா?" என்று கேட்டார் ஒலிப்பதிவாளர்.

"உக்காந்த இடத்துலதான் பேசினேன்."

"மேல இருந்து வருது குரல்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அறையில் காயாத துணியின் வாடை அடித்தது. மீதி இருந்தது, அவள் இன்னும் படித்தே பார்க்காத கடைசி அத்தியாயம் மட்டும்தான். முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று பக்கத்தைப் புரட்டினாள்.

விருந்தாளி வந்தார். உட்கார்ந்தார். கதை எதுவும் சொல்லவில்லை. வாசலுக்கும் போகவில்லை.

"இத்தனை நாள் நீ வரச் சொன்னாய். இனி நான் போக வேண்டியதில்லை."

அந்த வரிக்குக் குரலை மாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. மாறித்தான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். அவள் மீதிப் பக்கத்தை அவசர அவசரமாகக் கண்ணால் மேய்ந்தாள். விருந்தாளி இருந்தார். வீடு இருந்தது. சிறுமி எந்த வரியிலும் இல்லை.

வெளியே ஓடிவந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். எடு. எடு, குட்டி.

"அம்மா!" திரையில் மகளின் முகம் மலர்ந்தது. "கதை மாமா இன்னிக்குக் கெளம்பவே மாட்டேங்கறாரு."

"எந்த மாமா?"

"பச்சைக் கதவு மாமாதான். நீ இல்லாதப்ப தினம் வருவாரே. போயிட்டு வரட்டுமான்னு கேப்பாரு, நானும் சொல்லுவேன். இன்னிக்குக் கேக்கவே இல்லம்மா."

மகளுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை. காலி நாற்காலி. அதன் முன்னால் மகள் ஊற்றி வைத்த ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர். யாரும் தொடவில்லை. தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

"போன்னு சொல்லு! கத்திச் சொல்லு குட்டி! போ, வராதேன்னு சொல்லு!"

மகள் பதறிப்போய் போனை நெருங்கிக் கிசுகிசுத்தாள். "மெதுவாம்மா. பெரியவங்கள அப்படிச் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

"வெளிய ஓடு! இப்பவே!"

மகள் எழுந்தாள். பாதியிலேயே நின்றாள். அவளுடைய தலைமுடி, ஓர் அகலமான உள்ளங்கையின் அளவுக்கு, மெல்ல அமுங்கியது. அவள் அம்மாவைப் பார்த்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடியும் உட்கார வைக்கப்பட்டாள்.